தனியாகப் போய்க் கையொப்பம் வைக்காதீர்கள்!



ஒரு தொழிலாளியின் பேரைத் துரை செக்ரோலில் இருந்து வெட்டினால் சும்மா இருக்கிறோமா? தோட்டத் தலைவர் ஆபீசுக்குப் போகிறார். குற்றம் என்னவென்று எழுத்தில் கேட்கிறோம். விசாரணை கேட்கிறோம். சரிவராவிட்டால் தொழில் நியாய சபை வரை போகிறோம். அதே தொழிலாளியின் பதினைந்து வயது மகனின் பேரைப் பாடசாலை இடாப்பிலிருந்து வெட்டினால் மட்டும் ஒருவரும் போவதில்லை. தாய் தனியாகப் போகிறாள். காட்டிய இடத்தில் கையொப்பம் வைத்துவிட்டு, விடுகைப் பத்திரத்தோடு லயத்துக்குத் திரும்புகிறாள்.

இதற்குப் பெயர் "பெற்றோர் விருப்பத்தில் விலகல்". யாருடைய விருப்பம்? 5 வயது முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி என்று 1997இல் ஒழுங்குவிதி வந்தது. 2016இல் அந்த எல்லை 16 ஆக உயர்த்தப்பட்டது. பதினைந்து வயதுப் பிள்ளையைப் படிப்பிலிருந்து நிறுத்த அதிபருக்கும் உரிமையில்லை, பெற்றவருக்கும் உரிமையில்லை. (கொழும்புக் கடைக்கு ஆள் கேட்டு வருகிறவரை வாசலில் உட்கார வைத்துத் தேத்தண்ணீர் கொடுக்கும் அப்பாமாரும் இதைக் கவனிக்கவும்.)

பிழை செய்த பிள்ளையைக் கண்டிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆசிரியர்கள் நமக்கு எதிரிகளும் அல்லர். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆளில்லாத பாடசாலையில் அவர்கள் படும் பாடு நமக்குத் தெரியும். ஆனால் சாதாரண தரப் பெறுபேறு குறைந்துவிடும் என்று பயந்து, பின்தங்கிய பிள்ளையைப் பரீட்சைக்கு முன்பே கழித்துவிடுவது கண்டிப்பு அல்ல. கணக்கை அழகாகக் காட்டும் வேலை அது!

பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்டார்களா? அம்மா வெளிநாட்டில், தம்பி தங்கையைப் பார்ப்பது அவள்தான். மழை நாளில் ஆற்றைக் கடக்க முடியாது. பெற்றோரைக் கூப்பிடுவதோ வேலை நாளில் காலை ஒன்பது மணிக்கு! போனால் அன்றைய பேர் போச்சு, இல்லாவிட்டால் அரைப்பேர். போகாவிட்டால் "பெற்றோருக்கு அக்கறையில்லை" என்று எழுதி வைக்கிறார்கள். கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு கூட்டம் வைத்துப் பாருங்கள், அக்கறை தெரியும்.

இனி எந்தத் தாயும் தனியாகப் போக வேண்டாம். பாடசாலையிலிருந்து அழைப்பு வந்த அன்றே தோட்டத் தலைவரிடமோ மாதர் தலைவியிடமோ சொல்லுங்கள். இருவரில் ஒருவர் கூட வருவார். எந்தக் கடுதாசியிலும் அங்கேயே கையொப்பம் வைக்காதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் வலயக் கல்விப் பணிப்பாளருக்குக் கமிட்டியின் பெயரில் கடிதம் போகும். அங்கும் பதிலில்லை என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போகும். ஏற்கெனவே பத்திரம் வாங்கி வந்த பிள்ளைகளின் விபரத்தை இந்த மாதக் கமிட்டிக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். பதினாறு நிரம்பாத பிள்ளைகளை முதலில் எடுப்போம்.