வீட்டு மேசையில் உழைப்பவன் ஏற்றுமதி நிறுவனமா?

வெளிநாட்டு நிறுவனங்களுக்கு இங்கிருந்தபடியே வேலை செய்து டொலரில் சம்பாதிப்போர் மீதான 15 வீத வரி 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. சர்வதேச நாணய நிதியம் இதைவிடக் கூடிய வீதத்தை எதிர்பார்த்தது, நாங்கள் பேசிக் குறைத்தோம் என்பதே அரசாங்கத்தின் சமாதானம். குறைத்தது உண்மையாகவே இருக்கட்டும். யார் சார்பில் பேசினார்களோ, அவர்களிடம் ஒரு தடவையாவது பேசினார்களா?

உள்ளூரில் மாதச் சம்பளம் வாங்குபவர் 36 வீதம் வரை செலுத்தும்போது இவர்களுக்கு மட்டும் ஏன் விலக்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். மாதம் 150,000 ரூபா வரை வரி இல்லை. ஆண்டு வருமானத்தில் அதற்கு மேற்பட்ட முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், மீதிக்கே 15 வீதம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மாதம் 3 இலட்சம் உழைப்பவருக்கு ஆண்டுக்கு 180,000 ரூபா வரி வரும். இதைக் கட்டமாட்டோம் என்று அந்தப் பிள்ளைகள் சொல்லவில்லை. எங்களை யாரென்று நினைத்து வரி போடுகிறீர்கள் என்றுதான் கேட்கிறார்கள்.

நெல்லியடியில் ஒரு வீட்டின் முன்னறையில் இரவு முழுவதும் விழித்திருந்து அமெரிக்க நிறுவனமொன்றின் கணக்குகளைப் பார்க்கும் இளைஞனை எடுத்துக்கொள்வோம். சட்டத்தின் கண்ணில் அவனும் சேவை ஏற்றுமதியாளன். கொழும்பில் மாடிக் கட்டடம் எடுத்து நூற்றுக்கணக்கானோரை வைத்து நடத்தும் நிறுவனமும் சேவை ஏற்றுமதியாளர். நிறுவனம் வாடகை, மின்கட்டணம், சம்பளம் எல்லாவற்றையும் கழித்து, மிஞ்சும் இலாபத்துக்கு வரி கட்டுகிறது. அதற்குக் கணக்காளர் இருக்கிறார். இவனுடைய ஒப்பந்தத்தில் ‘சுயாதீன ஒப்பந்தக்காரர்’ என்று எழுதியிருக்கிறது. ஆனால் குறித்த நேரத்துக்கு வேலைக்கு அமர வேண்டும், லீவுக்கு அனுமதி கேட்க வேண்டும், மாதம் ஒரு தொகைதான் வரும். இவன் ஊழியனா, தொழில் செய்பவனா? ஊழியன் என்றால் எந்தச் செலவையும் கழிக்க முடியாது. தொழில் செய்பவன் என்றால் ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் சேர்த்து வைத்துக் கணக்குக் காட்ட வேண்டும். 2022இல் ஒரு நாளில் 13 மணிநேரம் மின்சாரம் போனபோது வேலை கைவிட்டுப் போகாமல் இருக்கக் கடன்பட்டு இன்வேர்ட்டரும் பற்றரியும் வாங்கினானே, அது எந்தக் கணக்கில் சேரும்?

ஊழியனுக்குரிய ஊழியர் சேமலாப நிதி அவனுக்கு இல்லை. வங்கியில் வீட்டுக்கடன் கேட்டால் சம்பளப் பட்டியல் கொண்டுவா என்கிறார்கள். வெளிநாட்டு முதலாளி இங்கே வரியைப் பிடித்துக் கட்டப்போவதும் இல்லை. ஆகவே ஆண்டு முழுவதற்குமான வருமானத்தை அவனே முன்கூட்டி மதிப்பிட்டு, ஓகஸ்ட் 15இல் தொடங்கி நான்கு தவணைகளில் கட்ட வேண்டும். ஒரு மின்னஞ்சலோடு முடிந்துவிடக்கூடிய வேலையில் இருப்பவன் அடுத்த பெப்ரவரியில் எவ்வளவு உழைப்பான் என்று எதை வைத்து எழுதுவான்?

பணம் வரும் வழியும் அப்படித்தான். பேபல் மூலம் இலங்கையில் பணம் பெறும் வசதியை வாங்கித் தருகிறோம் என்று எத்தனை பேர் மேடையில் சொல்லிவிட்டார்கள்! இன்றும் இடைத்தரகுத் தளங்கள் கழிவு எடுத்த பிறகே காசு கைக்கு வருகிறது.

இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. அறுகம்குடாவிலும் வெலிகமவிலும் கடற்கரைக் கடைகளில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு தங்கள் நாட்டு முதலாளிக்கு மாதக்கணக்கில் வேலை செய்யும் வெளிநாட்டவர்களை எல்லோரும் காண்கிறோம். அவர்கள் வரட்டும், தங்கட்டும், செலவழிக்கட்டும். ஆனால் இந்த மண்ணில் இருந்து செய்த வேலைக்கான சம்பளம், எங்கே கொடுக்கப்பட்டாலும், இங்கே உழைத்த வருமானம் என்பதே எமது வருமான வரிச் சட்டத்தின் அடிப்படை. சுற்றுலா விசாவில் வந்தவரின் மேசைக்குப் போய் அதைக் கேட்கும் அதிகாரி யார்? வங்கி வழியாக ஒழுங்காகப் பணத்தைக் கொண்டுவந்த உள்ளூர்ப் பிள்ளைதான் கைக்கு எட்டுகிறான், அவனிடம் கேட்கிறார்கள்.

ஆட்சிகள் மாறுகின்றன. திறைசேரியிலும் மத்திய வங்கியிலும் இருந்து இப்படியான யோசனைகளைத் தயாரித்துக் கொடுக்கும் வட்டம் மாறுவதில்லை. 2019 டிசம்பரில் வற் வரியை 15இலிருந்து 8 வீதமாக வெட்டி, சம்பளத்தில் மாதாந்தம் வரி பிடிப்பதையும் நிறுத்தி, அரச வருமானத்தைக் குழியில் தள்ளியபோது அந்த வட்டம் எங்கே இருந்தது? 2021இல் டொலரை 200 ரூபா அளவில் பிடித்து வைத்தபோது, மத்திய கிழக்கில் வெயிலில் நின்றவர்கள் வங்கியை விட்டு, கூடிய விலை கொடுத்த உண்டியல்காரரிடம் போனார்கள். 2020இல் 710 கோடி டொலராக இருந்த பணவனுப்பல் 2021இல் 550 கோடியாகவும், 2022இல் 380 கோடியாகவும் விழுந்தது. மருந்துக்கும் எரிவாயுவுக்கும் நாடு வரிசையில் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். பிறகு 2024இல், 18 வயதானவர்கள் எல்லோரும் வரி இலக்கம் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் 50,000 ரூபா தண்டம் என்று பயமுறுத்தினார்கள். வருமானமே இல்லாத மாணவர்களும் வீட்டுப் பெண்களும் பிரதேச செயலகங்களுக்கு அலைந்ததுதான் மிச்சம். இவை எதற்கும் பொறுப்பேற்று ஒருவராவது கதிரையை விட்டு எழும்பியதாக நாம் அறியோம்.

வங்கி வழியாக வந்தால் வரி இல்லை என்று 2025 மார்ச் வரை சொல்லிவைத்தே இந்தப் பிள்ளைகளை அந்த வழிக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது அந்த விலக்கை எடுத்துவிட்டார்கள். 2021இல் உண்டியலுக்குப் போனவர்களைத் திருப்பிக் கொண்டுவர எவ்வளவு காலம் எடுத்தது என்பது மத்திய வங்கிக்குத் தெரியாதா? அன்று போனது உடலுழைப்பின் காசு. இன்று போகக்கூடியது காசு மட்டுமல்ல, ஆளும்தான். கடவுச்சீட்டு அலுவலகத்தில் விடியப் புறத்தில் போய் நிற்பவர்களின் வயதைப் பார்த்தாலே போதும்.

அரசாங்கம் இந்த முடிவை மீளப் பார்க்க வேண்டும். தனியாளை நிறுவனத்தோடு ஒரே வரியில் எழுதியதைத் திருத்துவதற்கு வழிகள் இல்லாமல் இல்லை. இரவில் உழைக்கும் இந்தப் பிள்ளைகளில் சிலரையாவது பகலில் திறைசேரிக்கு அழைத்து, உட்கார வைத்துக் கேட்டால் அவர்களே சொல்வார்கள்.