எடைக்குப் போடுறது

போன தடவை ஊருக்குப் போயிருந்தப்ப (ராஜபாளையம்தாங்க, வேற எது!) நடந்த சமாச்சாரம் இது. காலையில 7 மணி. தெருவுல குப்பை வண்டி விசில் சத்தம். அம்மா அடுப்படியில பிஸி. "டேய், அந்தக் கவரைக் குடுத்துட்டு வாடா"ன்னாங்க. கறுப்புக் கவர். 2019 ஜனவரி 1-லேயே தடை பண்ணின அதே கேரி பேக்தான். எங்க வீட்ல மட்டும் எப்படியோ தீராம வந்துட்டே இருக்கு!

வண்டியோட வர்ற அக்கா முடிச்சை அவுத்து உள்ள கையை விட்டாங்க. அடுத்த நொடி "ஸ்ஸ்"ன்னு கையை உதறினாங்க. முந்தின ராத்திரி நான் உடைச்ச கண்ணாடி டம்ளர். சாம்பார் சாதம், டீத்தூள், பால் கவர் எல்லாத்துக்கும் நடுவுல கிடந்திருக்கு. கட்டை விரல்ல ரத்தம். உள்ள ஓடிப்போய் துணி எடுத்துட்டு வந்து கட்டிவிட்டேன். பேண்டேஜ் துணி நெய்யுற ஊரு, அதுக்கு வீட்ல பஞ்சமில்ல. அவங்க சொன்னது ஒண்ணே ஒண்ணு.

"பரவால்ல தம்பி, பழகிப் போச்சு."

திட்டியிருந்தாக்கூட நிம்மதியா இருந்திருக்கும்.

இதுல கேவலம் என்னன்னா, நான் பொட்டி தட்டுற பெங்களூர்ல ஒழுங்கா ரெண்டு பக்கெட், ஒரு பைன்னு பிரிச்சுத்தான் வைக்கிறேன். அங்க அப்படித்தான் விதி, பிரிக்கலைன்னா அபார்ட்மெண்ட்ல விட மாட்டாங்க. ஊருக்கு வந்தா எல்லாம் ஒரே கவர். ஆக எனக்குத் தெரியாம இல்ல, கேக்க ஆள் இல்ல. அவ்வளவுதான் மேட்டர்.

'மறுசுழற்சி'ன்னு சொன்னா ஏதோ கருத்தரங்கு மாதிரி இருக்கு. நம்ம வீட்ல அதுக்குப் பேரு 'எடைக்குப் போடுறது'. பேப்பரை மடிச்சு கட்டில் அடியில வைப்போம். பால் கவரைக் கழுவி ஜன்னல் கம்பியில சொருகுவோம். பழைய இரும்பைக் குடுத்து பேரீச்சம்பழம் வாங்கித் தின்ன தலைமுறைங்க நாம! புதுசா யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்ல.

அதுவும் ராஜபாளையத்துக்காரனுக்குச் சொல்லவே வேணாம். எங்கப்பா மில்லுல வேலை பார்த்தவர். மில்லுல கழிவுப் பஞ்சைக் குப்பைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. புளோரூம் கழிவு தனி மூட்டை, கார்டிங் கழிவு தனி, கோம்பர் கழிவு தனி. கோம்பர் கழிவு மறுபடி நூலாகும், மருத்துவப் பஞ்சாகும். ரெண்டைக் கலந்துட்டா விலை போச்சு. "கலந்தாத்தாண்டா கழிவு, பிரிச்சா சரக்கு"ன்னு அப்பா சொல்லுவார். மில்லுல 30 வருசம் பிரிச்ச மனுசன் வீட்ல ஒரே கவர்ல கட்டித்தான் குடுக்குறார். கேட்டா சிரிக்கிறார் :-)

பக்கத்துல 11 கிலோமீட்டர்ல ஸ்ரீவில்லிபுத்தூர். அங்க ஆண்டாள் சூடின மாலை இன்னைக்கும் புரட்டாசியில திருப்பதிக்குப் போகுது. ஒருத்தர் சூடினதை இன்னொருத்தருக்கு உசத்தியா அனுப்புற ஊரு. அந்த ஊர்க்காரங்களுக்கும் பழசோட அருமையைப் பத்தி நான் வகுப்பு எடுக்கத் தேவையில்ல.

சரி, அப்புறம் ஏன் பிரிக்க மாட்டேங்குறோம்? எல்லாரும் சொல்ற பதில்: "நாம பிரிச்சுக் குடுத்தாலும் அவங்க ஒண்ணாத்தான் கொட்டுவாங்க."

இதுக்கு ஒரு உதாரணம் சொல்றேன். 2024 டிசம்பர்ல திருநெல்வேலிப் பக்கம் கேரள மருத்துவக் கழிவைக் கொட்டினது ஞாபகம் இருக்கா? பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டு, கேரளாவே லாரி அனுப்பி அள்ளிட்டுப் போச்சு. எனக்கும் பயங்கரக் கோபம். ஆனா அதே கேரளாவுல ஆலப்புழை கதையையும் பாக்கணும். அந்த நகரத்துக் குப்பை எல்லாம் சர்வோதயபுரம்னு ஒரு இடத்துக்குப் போச்சு. அங்க இருந்த ஜனங்க பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு வண்டியை மறிச்சுட்டாங்க. நகரம் நாறிப் போச்சு. வேற வழியில்லாம 2012-ல ஆரம்பிச்சாங்க: சமையல் குப்பை வீட்டை விட்டு வெளியவே வரக் கூடாது. குழாய் உரம், சாண எரிவாயு மாதிரி சின்னக் கலன், தெருவுக்கு உரத்தொட்டி. 2017-ல ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு உலகத்துல 5 நகரங்களை உதாரணமாக் காட்டினப்ப, ஆலப்புழை அதுல ஒண்ணு.

சூட்சுமம் புரியுதா? வீட்டுக் குப்பையில பாதிக்கு மேல காய்கறித் தோலும் சோறும்தான். அது வீட்லயே உரமாயிட்டா, வண்டியில கலக்க என்ன இருக்கு? மிச்சம் எல்லாம் காஞ்ச சரக்கு, எடைக்குப் போற சரக்கு.

2016-லயே மத்திய அரசு விதி போட்டாச்சு, வீட்லயே மூணாப் பிரிக்கணும்னு. விதியால மட்டும் நடக்காது. பசங்க இறங்கணும். ஆனா தயவுசெஞ்சு பேரணி வேணாம். நானும் காலேஜ்ல தொப்பி மாட்டிக்கிட்டு நடந்தவன்தான். முடிஞ்சதும் ரோட்ல டீ கப்பும் பிஸ்கட் கவரும் கிடந்ததுதான் மிச்சம். அதுக்குப் பதிலா ஒரு மாணவனுக்கு அவன் தெருவுலயே 10 வீடு, ரெண்டே மாசம். மண்தொட்டியில காய்ந்த இலை, கொஞ்சம் புளிச்ச மோர் போட்டு உரம் எப்படிப் பண்றதுன்னு காட்டணும். நாத்தம் அடிச்சா போய் சரிபண்ணணும். பக்கத்து வீட்டு ஆச்சிகிட்ட "தம்பி, புழு வருதுப்பா"ன்னு வாங்கிக் கட்டிக்கணும் (வரும், பயப்பட வேணாம்னு சொல்லணும்).

இன்னொண்ணு. பாட்டில், அட்டை வித்து வர்ற சில்லறை வண்டியில வர்றவங்களுக்குப் போகட்டும். பசங்க அதுக்குப் போட்டியா நிக்கக் கூடாது. கை அறுபடாம, சுத்தமா அவங்க கையில சேர்க்குறதுதான் நம்ம வேலை.

ரெண்டு ஊருக்கும் ஒரு பக்கம் மலை. 2021-ல இருந்து அது புலிகள் காப்பகம். இன்னொரு பக்கம் கம்மாயும் வயக்காடும். 'ஊருக்கு வெளிய' கொட்டுறோம்னா இதுல எங்கன்னு யாராவது சொல்லுங்களேன்?

கிளம்புற அன்னைக்கு அம்மாவுக்கு ரெண்டு பக்கெட் வாங்கிக் குடுத்தேன். "இருக்குற வேலை போதாதுன்னு இது வேறயா"ன்னாங்க. பதில் பேசாம கொல்லையில பழைய மண்பானை ஒண்ணைக் கழுவி வச்சது அப்பாதான். போன வாரம் போன்ல கேட்டேன். கறுப்புக் கவர் நின்னுடுச்சாம். கண்ணாடி உடைஞ்சா பேப்பர்ல சுத்தி, மேல 'கண்ணாடி'ன்னு எழுதித் தனியாக் குடுக்குறாங்களாம்.

"அந்த அக்கா கை ஆறிடுச்சாம்மா?"

"ம்ம்... உன்னைக் கேட்டுச்சு"ன்னாங்க.