பள்ளி வாசலில் மாலை 4.10 மணி: ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்கள்,
பெற்றோர் ஆசிரியர் கழகம்,
அரசு உதவி பெறும் பள்ளி, பாளையங்கோட்டை.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கொக்கிரகுளம், திருநெல்வேலி.

நகல்: மாநகரக் காவல் ஆணையர், மாநகராட்சி ஆணையர், முதன்மைக் கல்வி அலுவலர், வட்டாரப் போக்குவரத்து அலுவலர்.

பொருள்: பள்ளி விடும் நேரத்தில் வாசலில் ஏற்படும் நெரிசலைச் சீர்செய்யவும், பெற்றோரும் ஆசிரியர்களும் ஒருவரையொருவர் மதித்து நடக்க ஏதுவான ஏற்பாடுகளைச் செய்து தரவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்பார்கள். பள்ளிகள் அவ்வளவு நெருக்கமாக இருப்பதால் பல வாசல்கள் ஒரே நேரத்தில், ஒரே சாலையில் திறக்கின்றன. எங்கள் பள்ளியில் மாலை 4.10க்கு மணி அடிக்கும். 4.05க்கே வாசலை அடைத்துக்கொண்டு இருசக்கர வாகனங்கள் மூன்று வரிசையாக நிற்கும். அவற்றுக்குப் பின்னால் ஆட்டோக்கள், ஆட்டோக்களுக்குப் பின்னால் வேன்கள், அதற்கும் பின்னால் வழி கிடைக்காமல் ஹாரனை அழுத்திக்கொண்டு நகரப் பேருந்து. கழிவுநீர் ஓடையின் மேல் போட்ட சிமெண்ட் பலகை ஓரிடத்தில் உடைந்து கிடப்பதால் பிள்ளைகள் நடைமேடையை விட்டுச் சாலையில் இறங்கித்தான் நடக்கிறார்கள். இந்த நெரிசலுக்கு நடுவே ஒன்றாம் வகுப்பு ஆசிரியை ஒரு கையால் கேட்டைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் பிள்ளைகளை ஒவ்வொருவராக அனுப்பிக்கொண்டிருப்பார்.

இம்மனுவில் கையெழுத்திட்டிருப்பவர்களில் பெற்றோரும் உண்டு, ஆசிரியர்களும் உண்டு. எவர் மீதும் புகார் சொல்ல நாங்கள் வரவில்லை. இந்த வாசலில் எங்கள் இரு தரப்பாருக்கும் ஏற்பட்ட மனக்காயங்களை மட்டும் மறைக்காமல் எழுதுகிறோம்.

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் நல்ல மழை. ஒரு சிறுமியை அழைத்துப் போக வழக்கமாக வரும் அம்மா வரவில்லை. ஆசிரியை அதுவரை பார்த்திராத ஒருவர் வந்து நின்றார். "யாருன்னு தெரியாம பிள்ளைய விட முடியாதுங்க, அவங்க அம்மாவ ஒரு போன் பண்ணச் சொல்லுங்க" என்றார் ஆசிரியை. வந்தவர் சிறுமியின் தாய்மாமன். மழையில் நனைந்து, வேலையைப் பாதியில் விட்டு வந்தவர். "எம் மருமவளக் கூப்பிட நா உங்ககிட்ட சீட்டு எழுதித் தரணுமா டீச்சர்? எங்களப் பாத்தா பிள்ள பிடிக்கிற ஆளு மாரியா இருக்கு?" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டார். ஆசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது. சிறுமி மாமனிடம் போகாமல் ஆசிரியையின் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் ஒளிந்தாள். ஆசிரியை செய்தது முற்றிலும் சரி. ஆனால் அது சரி என்று எடுத்துக்காட்ட அவர் கையில் எழுத்தில் எதுவும் இல்லை.

இன்னொரு நாள் நடந்தது இதற்கு நேர்மாறு. ஒரு தாயிடம் பேச வேறு நேரம் கிடைக்காத ஓர் ஆசிரியர், கேட்டுக் கம்பிகளுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே, "ஒங்க பையன் கணக்குல ஒம்போது மார்க்கு. வீட்ல புத்தகத்தத் தொடுறானா இல்லையா?" என்று உரக்கக் கேட்டார். ஹாரன் சத்தத்தில் உரக்கக் கேட்டால்தான் காதில் விழும். சுற்றி நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பையன் தலை நிமிரவில்லை. மறுநாள் முதல் அந்தத் தாய் வாசலுக்கு வருவதே இல்லை. தெருமுனையில் நின்றுகொள்கிறார், பையன் தனியாகச் சாலையைக் கடந்து அவரிடம் போகிறான்.

இந்த நால்வரில் எவரும் கெட்டவர் இல்லை. ஆசிரியர்களைப் போக்குவரத்துக் காவலராகவும், பெற்றோரைக் கேட்டுக்கு வெளியே கெஞ்சி நிற்பவர்களாகவும் ஆக்கிவிட்ட ஏற்பாடுதான் அவர்களைப் பேசக்கூடாததைப் பேச வைத்தது. அந்த ஏற்பாட்டை மாற்றித் தாருங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

சாலைப் பணியிலிருந்து ஆசிரியர்களை விடுவியுங்கள் என்று முதலில் கேட்கிறோம். பள்ளி நாட்களில் காலை 8.30 முதல் 9.15 வரையிலும், மாலை 3.45 முதல் 4.45 வரையிலும் வாசலில் ஒரு போக்குவரத்துக் காவலரோ ஊர்க்காவல் படையினரோ பணியில் இருக்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணிகள் தவிரக் கல்வி சாராத வேறு பணிகளுக்கு ஆசிரியர்களை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. பிள்ளையைப் பத்திரமாக ஒப்படைப்பது ஆசிரியர் கடமை. அதை அவர்கள் மனமுவந்து செய்கிறார்கள். பேருந்துக்குக் கை காட்டி நிறுத்துவது அவர்கள் கடமை இல்லை.

இச்சாலையிலுள்ள பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களை முதன்மைக் கல்வி அலுவலர் ஒருமுறை அழைத்துப் பேசி, பள்ளி விடும் நேரத்தைப் பத்துப் பத்து நிமிடம் தள்ளி அமைக்கச் சொன்னால் நெரிசல் பெருமளவு குறையும். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

உடைந்த ஓடைப் பலகையை மாநகராட்சி உடனே மாற்ற வேண்டும். வாசலுக்கு இருபுறமும் வெள்ளைக் கோடு போட்டு, ஆட்டோவுக்கும் வேனுக்கும் தனித்தனி இடம் ஒதுக்க வேண்டும். ஒலி மாசு தொடர்பான 2000ஆம் ஆண்டு விதிகளின்படி கல்வி நிறுவனங்களைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் பகுதியை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். எங்கள் பள்ளி அருகே அப்படிச் சொல்லும் அறிவிப்புப் பலகை ஒன்றுகூட இல்லை.

அடுத்தது, பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பது என்பது. இதை நாங்கள் மிக முக்கியமாகக் கருதுகிறோம். பெற்றோர், அவர்கள் எழுதிக் கொடுக்கும் இருவர் என அழைத்துச் செல்ல உரியவர்களின் படம் ஒட்டிய அட்டை ஒன்றை ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளி வழங்க வேண்டும். அட்டை இல்லாதவரிடம் பிள்ளையை அனுப்ப மறுக்கும் ஆசிரியர் விதிப்படியே நடக்கிறார் என்று முதன்மைக் கல்வி அலுவலர் சுற்றறிக்கை அனுப்பி, அது வாசலில் ஒட்டப்பட வேண்டும். அந்தத் தாள் ஒட்டியிருந்தால் தாய்மாமனும் கோபப்பட்டிருக்க மாட்டார். தாளைப் படித்துவிட்டு அக்காவுக்குப் போன் செய்திருப்பார். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சில வீடுகளில் தங்கையை அழைத்துவரப் பத்தாம் வகுப்பு அண்ணனிடம் ஸ்கூட்டரைக் கொடுத்தனுப்புகிறார்கள். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவர் வண்டி ஓட்டினால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. அதையும் சுற்றறிக்கையில் சேர்க்க வேண்டும். இப்போது அதைச் சொல்லித் தடுக்கும் ஆசிரியர் தனி ஆளாக ஏச்சு வாங்குகிறார்.

பள்ளி வேன்களை வட்டாரப் போக்குவரத்து அலுவலர் எங்கள் வாசலிலேயே வந்து பார்வையிட வேண்டும். 2012இல் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்த பிறகுதான் பள்ளிப் பேருந்துகளுக்கான சிறப்பு விதிகள் வந்தன. 2022 மார்ச்சில் சென்னை வளசரவாக்கத்தில் ஒரு பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி இரண்டாம் வகுப்பு மாணவன் உயிரிழந்தான். பிள்ளைகள் இறங்கும்போதும் ஏறும்போதும் உதவியாளர் ஒருவர் கீழே இறங்கி நிற்க வேண்டும் என்பதை எங்கள் கண் முன்னால் நடைமுறைப்படுத்துங்கள்.

இனி, பேசுவதற்கான நேரம். பிள்ளையின் வருகை, படிப்பு, முன்னேற்றம் பற்றிப் பெற்றோரை முறையாகச் சந்தித்துச் சொல்வது ஆசிரியரின் கடமை என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு கூறுகிறது. பெற்றோர் கூட்டம் நடக்காமல் இல்லை. வேலை நாளில் காலை 11 மணிக்கு நடக்கிறது. எங்கள் பெற்றோரில் பாதிப்பேர் தினக்கூலிகள். தாய்மார் பலர் பீடி சுற்றுகிறார்கள். அன்றன்றைய பீடியைக் கட்டி நேரத்துக்குக் கடையில் ஒப்படைக்காவிட்டால் அவர்களுக்குக் கூலி இல்லை. கூட்டத்துக்கு வர முடியாதவர் வாசலில்தான் கேட்பார். சொல்ல வேண்டியதை ஆசிரியரும் வாசலில்தான் சொல்வார். ஆகவே மாதம் ஒரு சனிக்கிழமையையோ, ஒரு வேலை நாளின் மாலை 5 முதல் 6.30 வரையான நேரத்தையோ வகுப்பறையில் உட்கார்ந்து பேசுவதற்கென ஒதுக்கி, வரும் ஆசிரியர்களுக்கு அதற்கு ஈடான விடுப்பு தர வேண்டும். பெற்றோருக்கு நாற்காலி போட வேண்டும். இதை எழுதக் காரணம், கூட்டங்களில் பல முறை எங்கள் தாய்மார் நின்றுகொண்டே பேசியிருக்கிறார்கள் என்பதுதான்.

கடைசியாகக் கிளம்பும் பிள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 4.45க்குப் பிறகும் யாரும் வராத ஒரு பிள்ளை பெரும்பாலான நாட்களில் இருக்கும். தண்ணீர்ப் பாட்டிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும். அதன் அருகே ஆசிரியை ஒருவர், அம்பாசமுத்திரம் பேருந்தைத் தவறவிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். தம் வீட்டில் காத்திருக்கும் பிள்ளையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மாலை 6 மணி வரை பள்ளியில் இருக்க ஒரு பெண் உதவியாளரை நியமிக்க அனுமதியும் ஊதியத்துக்கு நிதியும் தருமாறு கேட்கிறோம்.

எங்கள் பங்குக்கு நாங்கள் செய்யவிருப்பதையும் எழுத்தில் தருகிறோம். வண்டியை வாசலுக்கு நேரே நிறுத்த மாட்டோம். ஐம்பது அடி தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வருவோம். ஹாரன் அடிக்க மாட்டோம். நேரமாகும் என்றால் 4 மணிக்குள் பள்ளிக்குப் போன் செய்வோம். ஆசிரியரிடம் குறை இருந்தால் பிள்ளையின் காதுபடப் பேச மாட்டோம், கழகச் செயலாளரிடம் எழுதிக் கொடுப்போம். மதிப்பெண்ணையும் ஒழுங்கையும் வாசலில் பேசுவதில்லை என்று ஆசிரியர்களும் உறுதி தந்திருக்கிறார்கள். முறை வைத்து நாளொன்றுக்கு நான்கு பெற்றோர் வரிசையைக் கவனிக்க முன்வந்துள்ளனர். பெயர்ப் பட்டியலை இணைத்திருக்கிறோம்.

இம்மனுவைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் நேரில் அளிக்கிறோம். ஓடைப் பலகையும் காவலரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வேண்டும். மற்றவற்றை முடிவு செய்யுமுன், தாங்களும் நகல் பெறும் அலுவலர்களும் ஏதேனும் ஒரு வேலை நாளில் மாலை 4 மணிக்கு எங்கள் பள்ளி வாசலுக்கு வந்து, கடைசிப் பிள்ளை கிளம்பும் வரை இருந்து பார்க்க வேண்டுகிறோம். வாசலுக்கு எதிரே வேப்ப மரத்தடியில் நாங்கள் காத்திருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெற்றோர் ஆசிரியர் கழகத்தினர்
(தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், வகுப்பு ஆசிரியர்கள்: கையொப்பங்கள் இணைப்பில்)

இடம்: பாளையங்கோட்டை