'யெஸ்' என்று தட்டுகிறவர்கள்

ஏற்காட்டுக்கு நான் போனது கதை எழுதுவதற்காக. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருக்கும் என் அக்காள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் கதை தானாக வரும் என்பது என் வெகுநாள் நம்பிக்கை. கதை வரவில்லை, கோபம்தான் வந்தது. காரணம், அக்காள் மகன்.

அவன் ஒரு கம்பெனிக்காக வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறவன். சேர்வராயன் மலையில் சில காப்பித் தோட்டங்களின் கூலிக் கணக்கு, தொழிலாளிகளின் பாங்குக் கணக்கு எண்கள் எல்லாம் சென்னையில் எங்கோ ஒரு சர்வரில் இருக்கின்றன. அதை இங்கிருந்தே திறந்து பராமரிப்பது இவன் உத்தியோகம். அன்று காலை அவன் திரையில் கொட்டை எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. சர்வரின் அடையாளம் மாறிவிட்டது, யாரோ நடுவில் நின்று ஒட்டுக் கேட்கக்கூடும் என்பது அதன் சாரம். பையன் பதறவில்லை. ஒரு கோப்பைத் திறந்தான், ஒரு வரியை அழித்தான், மறுபடி கூப்பிட்டான், கேள்வி ஒன்று வந்தது, 'யெஸ்' என்று தட்டினான், உள்ளே போய்விட்டான்.

"என்னடா செய்தாய்?"

"ஒன்றுமில்லை மாமா. சர்வரைப் புதிதாகப் போட்டிருப்பார்கள். எப்போதும் இப்படித்தான்."

"போட்டிருப்பார்களா, போட்டார்களா?"

சிரித்தான். இந்தச் சிரிப்பின் மேல்தான் என் வழக்கு.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். 1995-ல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து வலையில் யாரோ புகுந்து பாஸ்வேர்டுகளைத் திருடினார்கள். அங்கிருந்த ஆராய்ச்சியாளர் தாத்து யூலோனென் அதற்குப் பரிகாரமாக எஸ்.எஸ்.எச். என்ற ஏற்பாட்டைச் செய்தார். தூரத்துச் சர்வருக்குள் பத்திரமாக நுழைய இன்று உலகமே அதைத்தான் நம்பியிருக்கிறது. அதில் ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு ஜோடிச் சாவி உண்டு. ஒன்று ரகசியம், சர்வரைவிட்டு வெளியே வரலாகாது. மற்றது பகிரங்கம். பகிரங்கச் சாவியைச் சுருக்கினால் கிடைப்பதற்குக் கைரேகை என்று பெயர். இப்போதைய வழக்கப்படி 43 எழுத்துக்கள். முதல் தடவை போகும்போது, "இவர் கைரேகை இது, நம்பலாமா?" என்று உங்கள் கம்ப்யூட்டர் கேட்கிறது. 'யெஸ்' என்றால் அறிமுகமானவர் பட்டியலில் குறித்துக்கொள்கிறது. மறுமுறை அதே ரேகை வந்தால் மௌனம். வேறு ரேகை வந்தால் கூச்சல். அந்தக் கூச்சலை அடக்கத்தான் என் மருமகப் பிள்ளை பட்டியலில் வரியை அழித்தான்!

அசோகவனத்தில் சீதையை நினைத்துப் பாருங்கள். சந்நியாசி வேஷத்தில் வந்தவனிடம் ஒரு தரம் ஏமாந்தவள் அவள். அனுமன் வந்து "ராமதூதன்" என்றதும் "வா அப்பா" என்றுவிடவில்லை. இவனும் ராவணனோ என்று சந்தேகித்தாள். ராமனுடைய அங்க அடையாளங்களைக் கேட்டாள். கணையாழியைக் கண்ட பிறகுதான் மனம் தெளிந்தாள். கைரேகை என்பது கணையாழி. அதைச் சரிபார்க்கும் விவரம், வந்து நிற்கிறவனிடமிருந்தே வரக்கூடாது. வேறு வழியில் நம் கைக்கு முன்பே வந்திருக்க வேண்டும். வந்தவனையே "நீ நிஜந்தானே?" என்று கேட்டு, அவன் "ஆமாம்" என்றதும் கதவைத் திறப்பதற்கு எதற்குப் பூட்டு?

"இந்த மலையில் நம்மை யார் மாமா பிடிக்கப்போகிறார்கள்?" என்றான். கோடை விழாச் சமயத்தில் லாட்ஜ் வை-ஃபையில் உட்கார்ந்து வேலை செய்கிற பிள்ளை கேட்கிற கேள்வியா இது? நடுவில் நிற்பவனிடம் பாஸ்வேர்டைக் கொடுத்தால் அது அவன் கைக்குப் போயிற்று. பாஸ்வேர்டுக்குப் பதில் சொந்தச் சாவியால் நுழைகிறவனுக்கு அந்த நஷ்டம் இல்லை, வாஸ்தவம். ஆனால் பொய்ச் சர்வரில் அவன் தட்டுவதும் அனுப்புவதும் பொய்யனுக்குத்தானே போகும்? போவது இவன் சொத்தல்ல, காப்பி பறிக்கிற பெண்களின் கணக்கு எண்கள்.

பையனை மட்டும் திட்டினால் நியாயமாகாது. அவனை இப்படிப் பழக்கியவர்கள் சர்வரை நிர்வகிக்கிற பெரியவர்கள். அவன் என் தொந்தரவு தாங்காமல் கம்பெனிக்குப் போன் செய்தான். "ஆமாம், புதிதாகப் போட்டோம். அந்த வரியை அழித்துவிட்டுப் போங்களேன்" என்றார்கள். கைரேகையைச் சொல்லவில்லை. பழைய சாவிகளை நகல் எடுத்துப் புதிய சர்வரில் திரும்ப வைத்திருந்தால் கூச்சலே எழுந்திராது. ஐந்து நிமிஷ வேலை. மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம். அல்லது எல்லாச் சர்வர்ச் சாவிகளுக்கும் கம்பெனியே கையொப்பமிட்டுத் தரும் முறை ஓப்பன் எஸ்.எஸ்.எச்.சில் 2010 முதல் இருக்கிறது. எதுவும் செய்யாமல் மாதம் ஒரு தரம் "புலி வருது" என்று கத்தவைத்தால், நிஜப் புலி வருகிற அன்று யார் திரும்பிப் பார்ப்பான்?

இதற்கு நேர்மாறான கூத்தும் உண்டு. 2012-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இணையத்தைத் துழாவியபோது, சம்பந்தமில்லாத எத்தனையோ இயந்திரங்கள் ஒரே சாவியை வைத்திருந்தன. தொழிற்சாலையில் போட்ட சாவியை மாற்றாமலே விட்டதும் ஒரு காரணம். ஊரெல்லாம் ஒரே கணையாழி!

ஒழுங்காகச் செய்யவும் முடியும். 2023 மார்ச் 24 அன்று கிட்ஹப் தன் ஆர்.எஸ்.ஏ. சாவியை மாற்றியது. ரகசியச் சாவி தவறுதலாகச் சற்று நேரம் பொதுவில் கிடந்துவிட்டது என்று தானே ஒப்புக்கொண்டது. பழைய வரியை அழிக்கச் சொன்னதோடு நிற்காமல், புதிய கைரேகையையும் வெளியிட்டது. தவறு எல்லோருக்கும் வரும். என் ஆட்சேபம் தவறின் மேல் அல்ல.

"43 எழுத்தை யார் ஒப்பிடுவது?" என்பார்கள். ஒப்பிடவே வேண்டாம். 2019 முதல் அந்தக் கேள்விக்கு 'யெஸ்' என்பதற்குப் பதிலாகக் கைரேகையையே ஒட்டலாம். சரியாக இருந்தால்தான் கதவு திறக்கும்.

மறுநாள் மருமகன் மீண்டும் போன் செய்து கைரேகையைக் கேட்டான். மறுமுனையில் நீண்ட மௌனம். பிறகு, "இதுவரை யாரும் கேட்டதில்லை சார், தேடிப் பார்க்கிறேன்" என்றது ஒரு குரல். தேடி அனுப்பச் சாயங்காலம் ஆயிற்று. ஒட்டினான்; திறந்தது. அழித்த வரி நல்ல சர்வருடையதுதான், புலி வரவில்லை.

"இன்னும் 11 சர்வர் இருக்கிறது மாமா" என்றான், முகத்தைச் சுளித்துக்கொண்டு. நான் காப்பியை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.