வெட்கமும் வைத்தியமும்

நமக்கு அறிமுகமான பெரியவர் ஒருவர், முதுமையில் பருத்துப்போன பிராஸ்டேட் சுரப்பிக்குச் சஸ்திர சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பினார். பத்தாம் நாள் சிறுநீர் சிவந்தது. மாலையில் அடியோடு நின்றுவிட்டது. மருமகளிடம் இதை எவ்வாறு சொல்வதென்று அவர் வாய் திறக்கவில்லை. நள்ளிரவில் அவருடைய முனகலைக் கேட்ட பிறகே வீட்டார் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நல்லவேளையாகப் பிழைத்தார். அவரை அதிகம் வருத்தியது நோயா, வெட்கமா என்று நாம் யோசித்ததுண்டு.

1900-ஆம் ஆண்டில் லண்டனில் அடிவயிற்றைத் திறந்து இச்சுரப்பியின் பருத்த பகுதியை அகற்றிப் பெயர் பெற்ற பீட்டர் பிரேயர் என்னும் ரண வைத்தியர், முன்னர் இந்தியாவில் மருத்துவ உத்தியோகம் பார்த்தவர். அக்காலத்தில் வயிற்றுக் காயமே நோயாளியின் நிலையை வீட்டாருக்கு நினைவூட்டும். இப்பொழுதோ பெரும்பாலும் சிறுநீர்த் துவாரத்தின் வழியாகவே கருவியைச் செலுத்திச் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். வெளியே காயம் இல்லை. ஆகவே எல்லாம் ஆறிவிட்டதென்று எண்ணுகிறோம். உள்ளே புண் ஆறுவதற்கோ பல வாரங்கள் ஆகும். இரண்டாவது வாரத்தில் பொருக்கு உதிரும்போது மீண்டும் உதிரம் காண்பதும் உண்டு.

ஆஸ்பத்திரியில் மூன்று வழியுள்ள குழாயினால் உப்பு ஜலத்தை மூத்திரப் பைக்குள் செலுத்தி, உதிரத்தைக் கழுவி வெளியேற்றுகிறார்கள். உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு, நிறம் என்ன என்று நர்ஸ் இடைவிடாமல் பார்க்கிறார். வெளிவரவு குறைந்தால் உதிரக்கட்டி அடைத்திருக்கலாமென்று உடனே உணர்கிறார். அந்தக் கண், வீடு திரும்பிய பின் நம்முடையதாதல் வேண்டும்.

குழாயுடன் அனுப்பினால், அதில் மாட்டிய பை எப்பொழுதும் இடுப்புக்குக் கீழே தொங்கவேண்டும், குழாய் மடங்கலாகாது, தொடுமுன்னும் பின்னும் சோப்பிட்டுக் கை கழுவுதல் அவசியம். குழாயை எடுத்தபின் சிலருக்குச் சிறுநீர் தானே கசியும். வேஷ்டி நனையுமே என்று அஞ்சி அவர்கள் ஜலம் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள். இதைவிடத் தவறு வேறில்லை. இருதயம் அல்லது சிறுநீரகக் கோளாறு காரணமாக வைத்தியர் தடுத்தாலன்றி, நாளொன்றுக்கு 2 லிட்டராவது பருகவேண்டும். கசிவுக்கு மருந்து வேறு: வாயுவை அடக்குவதுபோல் ஆசனவாய்த் தசைகளைச் சில விநாடி இறுக்கித் தளர்த்தும் அப்பியாசம். குழாயை எடுத்தபின், வைத்தியரைக் கேட்டுக்கொண்டு, தினமும் பல தடவை செய்துவந்தால் பெரும்பாலோருக்குப் படிப்படியாகக் குணமாகும்.

கீரையும் பழமும் கொடுத்து மலச்சிக்கலைத் தவிர்க்கவேண்டும். முக்கினால் உள்ளே உதிரம் பெருகும். சில வாரங்களுக்குத் தண்ணீர்க் குடமோ அரிசி மூட்டையோ தூக்கலாகாது. ஆயினும் படுத்தே கிடப்பதும் தீது. கால் நரம்புகளில் உதிரம் உறையாதிருக்க மெல்ல நடக்கவேண்டும். சிறுநீர் நின்றாலும், கட்டிகளாக உதிரம் வந்தாலும், குளிர்சுரம் கண்டாலும், கெண்டைக்கால் வீங்கினாலும் பொழுது விடியட்டுமென்று காத்திருக்கலாகாது.

இவ்வளவும் நோயாளி வாய் திறந்தாலன்றிப் பயன்படா. வகுப்பில் உடற்கூறு நடத்தும் நாமே இவ்வுறுப்பின் பெயர் வரும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். அவர் சொல்லட்டும் என்றிராமல், மகனோ பேரனோ காலையில் காப்பி கொடுக்கும்போதே, "இன்று சிறுநீர் நன்றாகப் பிரிந்ததா? நிறம் எப்படி?" என்று சாதாரணமாகக் கேட்டுவிடட்டும். அந்த ஒரு கேள்வி பெரியவரின் பாதி பாரத்தை இறக்கிவிடும்.