மரடோனா ஜெர்சி 71 லட்சம் பவுண்டுக்குப் போச்சு... உங்க ஜெர்சியும் முதலீடா?



கால்பந்து உலகக் கோப்பை வந்தாலே நம்ம சேனலுக்கு ஒரே மாதிரி கேள்வி வர ஆரம்பிச்சிடும். "சார், லிமிடெட் எடிஷன் ஜெர்சி வாங்கி பத்திரமா வெச்சா, பின்னாடி நல்ல விலைக்குப் போகுமா? இதையும் ஒரு முதலீடா எடுத்துக்கலாமா?" கேட்கிறவங்க பெரும்பாலும் உதாரணமாக் காட்டுறது ஒரே ஜெர்சியைத்தான். 1986 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிரா மரடோனா போட்டிருந்த நீல ஜெர்சி. 2022 மே மாதம் சோதபீஸ் ஏலத்தில் அது 71,42,500 பவுண்டுக்கு விற்பனை ஆச்சு.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஜெர்சி வாங்குங்க, தப்பே இல்ல. ஆனா அதை உங்க கணக்குல செலவுன்னு எழுதுங்க. சொத்துன்னு எழுதாதீங்க. ஏன்னு புரியணும்னா, அர்ஜென்டினாவோட அவே ஜெர்சி கதையைக் கொஞ்சம் பார்க்கணும்.

மாற்று உடை இல்லாம போன அணி

அர்ஜென்டினான்னா எல்லாருக்கும் ஞாபகம் வர்றது வெள்ளையும் வெளிர் நீலமும் கலந்த பட்டை ஜெர்சிதான். எதிரணியும் வெள்ளையில் வந்தா ரெண்டு பக்கமும் குழப்பம். அதுக்காக வெச்சிருக்கிற மாற்று உடைதான் அவே ஜெர்சி. அதோட வேலை அவ்வளவுதான்.

1958-ல் ஸ்வீடனில் நடந்த உலகக் கோப்பையில் இந்த மாற்று உடையே அர்ஜென்டினாகிட்ட இல்ல. மால்மோ நகரத்தில் மேற்கு ஜெர்மனியோட ஆட்டம். ஜெர்மனி வெள்ளை, இவங்களும் பாதி வெள்ளை. கடைசியில் உள்ளூர் கிளப்பான ஐ.எஃப்.கே மால்மோவோட மஞ்சள் ஜெர்சியைக் கடன் வாங்கிப் போட்டுக்கிட்டு விளையாடினாங்க. 3-1ன்னு தோத்தாங்க. தோல்விக்கு ஜெர்சி காரணம் இல்ல. ஆனா ஒரு தேசிய அணி, உலகக் கோப்பையில், இரவல் சட்டையில் ஆடியிருக்கு. அந்தக் காலத்தில் அவே ஜெர்சிக்கு இருந்த மரியாதை இவ்வளவுதான்.

கடையில் வாங்கின சட்டை

இப்ப 1986-க்கு வருவோம். மெக்சிகோவில் நடந்த உலகக் கோப்பை. உருகுவேயோட ஆடின ஆட்டத்தில் அர்ஜென்டினா நீல அவே ஜெர்சி போட்டிருந்தாங்க. அது கனமான பருத்தித் துணி. அடுத்தது இங்கிலாந்தோட காலிறுதி, மெக்சிகோ சிட்டியில், நண்பகல் வெயிலில். இந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு அந்த வெயிலில் ஓட முடியாதுன்னு பயிற்சியாளர் பிலார்டோவுக்குக் கவலை.

தயாரிப்பு நிறுவனத்துக்கிட்ட புதுசு கேட்டு வாங்க நேரம் இல்ல. அணி நிர்வாகத்தைச் சேர்ந்தவர் மெக்சிகோ சிட்டி கடைகளில் தேடி லேசான நீலச் சட்டைகளை எடுத்துட்டு வந்தார். சங்கத்தோட சின்னத்தை அவசர அவசரமா மேல வெச்சுத் தைச்சாங்க. முதுகில் ஒட்டின வெள்ளி நிற எண்கள் அமெரிக்கன் ஃபுட்பால் ஜெர்சிக்கான எண்கள்!

ஜூன் 22, அஸ்டெகா மைதானம். 51-வது நிமிஷம் கையால் தட்டி ஒரு கோல். 55-வது நிமிஷம் பாதி மைதானத்தைத் தனியா கடந்து போய் இன்னொரு கோல். அர்ஜென்டினா 2-1. ஆட்டம் முடிஞ்சதும் மரடோனாகிட்ட சட்டையை மாத்திக்கிட்டவர் இங்கிலாந்து வீரர் ஸ்டீவ் ஹாட்ஜ். அதைப் பல வருஷம் இங்கிலாந்தின் தேசிய கால்பந்து அருங்காட்சியகத்தில் காட்சிக்குக் கொடுத்து வெச்சிருந்தார். 36 வருஷம் கழிச்சுத்தான் ஏலம்.

கணக்கு போட்டுப் பார்ப்போமா?

அந்தச் சட்டை 20 பவுண்டுன்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம். 20 பவுண்ட் 36 வருஷத்தில் 71 லட்சம் பவுண்ட் ஆகணும்னா வருஷத்துக்கு சுமார் 42 சதவீதம் கூட்டு வளர்ச்சி. எந்த மியூச்சுவல் ஃபண்டும் கிட்ட வர முடியாது. அப்ப ஜெர்சி சூப்பர் முதலீடுதானே?

இல்ல. மூணு காரணம் சொல்றேன்.

முதலாவது, விலை போனது சட்டை இல்ல, அந்த நாலு நிமிஷம். அன்னைக்கு அதே கடைச் சட்டையைத்தான் மொத்த அணியும் போட்டிருந்தாங்க. 71 லட்சம் போனது ஒண்ணே ஒண்ணு. அந்த அணி வீரர்களுக்கே இந்த நிலைமைன்னா, கடையில் தொங்குற ஜெர்சியை நீங்களும் நானும் வாங்கி வெச்சு என்ன ஆகப் போகுது? ஜெயிச்ச ஒருத்தரை மட்டும் பார்த்து முடிவெடுக்கிற இந்தப் பழக்கம் பங்குச் சந்தையிலும் நம்மைக் கவுக்குது. மல்டிபேக்கர் ஆன ஒரு பங்கைப் பத்தி எல்லாரும் பேசுவாங்க. காணாம போன நூறு பங்கைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க.

ரெண்டாவது, வாங்க ஆள் வேணும். இங்கிலாந்துக்கும் ஒரு புகழ்பெற்ற அவே ஜெர்சி உண்டு. 1966 இறுதிப் போட்டியில் ஜெஃப் ஹர்ஸ்ட் மூணு கோல் அடிச்சப்போ போட்டிருந்த சிவப்பு ஜெர்சி. 2000-ல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 91,750 பவுண்டுக்குப் போச்சு. 2016-ல் மறுபடியும் ஏலத்துக்கு வந்தப்போ எதிர்பார்த்த விலை மூணு லட்சம் பவுண்டுக்கு மேல. வாங்க ஆள் இல்ல, விற்காமலே திரும்பிப் போச்சு. உலகக் கோப்பை இறுதியில் ஹாட்ரிக் அடிச்ச சட்டைக்கே இந்தக் கதி. உங்களுக்கு அவசரமா பணம் தேவைப்படுற அன்னைக்கு உங்க ஜெர்சியை யார் வாங்குவாங்க?

மூணாவது, நிரூபிக்கணும். மரடோனா ஜெர்சி ஏலத்துக்கு வந்தப்போ, இது கோல் அடிச்ச இரண்டாம் பாதியில் போட்ட சட்டையே இல்லன்னு அவரோட மகள் சொன்னாங்க. ஏல நிறுவனம் பழைய புகைப்படங்களோட சட்டையை ஒப்பிட்டுப் பார்த்து, இதுதான் அதுன்னு உறுதி சொன்ன பிறகுதான் விற்பனை. நம்மகிட்ட கடை பில்லே ஒரு மாசம் தாங்காது.

இப்ப அவே ஜெர்சின்னா என்ன?

1990 இறுதிப் போட்டியிலும் 2014 இறுதிப் போட்டியிலும் அர்ஜென்டினா நீல அவே ஜெர்சியில்தான் ஆடினாங்க. ரெண்டு தடவையும் ஜெர்மனிகிட்ட 1-0 தோல்வி. 2018-ல் வந்தது கறுப்பு அவே ஜெர்சி. 2022-ல் அடிடாஸ் கொண்டுவந்தது ஊதா. பாலின சமத்துவத்தோட அடையாளம்னு விளம்பரம் பண்ணாங்க. கோப்பையை ஜெயிச்ச அந்தத் தொடரில் ஏழு ஆட்டத்தில் அதைப் போட்டது ஒரே ஒரு ஆட்டம், போலந்துக்கு எதிரா. மத்ததெல்லாம் பட்டை ஜெர்சிதான்.

யோசிச்சுப் பாருங்க. ஒரு காலத்தில் தேவைக்காக இருந்த மாற்றுச் சட்டை, இப்ப விற்பனைக்காகவே வடிவமைக்கிற பொருள் ஆகிடுச்சு. சில வருஷத்துக்கு ஒரு தடவை புது நிறம், புதுக் கதை. இதுல தப்பு எதுவும் இல்ல, அது அவங்க வியாபாரம். ஆனா லட்சக்கணக்கில் அச்சடிச்சு விக்கிற ஒரு பொருள் அரிய பொருள் ஆக முடியாது.

சரி, நீங்க என்ன செய்யலாம்?

ஒரு ஜெர்சி 6,000 ரூபாய்னு வெச்சுக்குங்க. வருஷத்துக்கு ரெண்டு வாங்கினா 12,000, அதாவது மாசம் 1,000. இதே 1,000 ரூபாயை எஸ்.ஐ.பி.யில் போட்டு, 10 சதவீதம் வளர்ச்சி கிடைக்குதுன்னு வெச்சா, 10 வருஷத்தில் சுமார் 2 லட்சம். இதைக் கேட்டு ஜெர்சியே வாங்காதீங்கன்னு சொல்ல வரல. பிடிச்ச அணியோட சட்டையைப் போட்டுக்கிட்டு ராத்திரி முழுக்க ஆட்டம் பார்க்கிற சந்தோஷத்துக்கு ஒரு விலை உண்டு. அந்த விலை எவ்வளவுன்னு தெரிஞ்சே கொடுங்க.

அதுக்கு மாசச் சம்பளத்தில் "ஆசைச் செலவு"ன்னு ஒரு தொகையை ஒதுக்குங்க. ஜெர்சி அதுக்குள்ள அடங்கினா வாங்குங்க. நோ-காஸ்ட் இ.எம்.ஐ.ன்னு போட்டிருந்தாலும் பிராசஸிங் ஃபீ, ஜி.எஸ்.டி. எல்லாம் வந்து சேரும். கிரெடிட் கார்டு பாக்கியைத் தள்ளிப் போட்டீங்கன்னா வருஷத்துக்கு 40 சதவீதத்தை ஒட்டி வட்டி. மரடோனா ஜெர்சி வளர்ந்த அதே வேகத்தில் உங்க கடன் வளரும்!

இன்னொரு விஷயம். நம்ம வருமான வரிச் சட்டப்படி, சொந்த உபயோகத்துக்கு வெச்சிருக்கிற உடை மூலதனச் சொத்து கணக்கிலேயே வராது. நகை, ஓவியம் மாதிரி சிலதுக்குத்தான் விதிவிலக்கு. சட்டமே உங்க சட்டையைச் சட்டையாத்தான் பார்க்குது.

அதனால வாங்கின ஜெர்சியைப் பிளாஸ்டிக் கவர்ல போட்டுப் பூட்டி வெக்காதீங்க. போடுங்க, துவைங்க, நிறம் மங்கட்டும். ஓய்வுக்காலத்துக்கு எஸ்.ஐ.பி. தனியா ஓடட்டும்.

உங்க பீரோவுல எத்தனை ஜெர்சி இருக்கு, மொத்தம் எவ்வளவு செலவாச்சுன்னு ஒரு தடவை கூட்டிப் பாருங்க. கமெண்ட்ல அந்த நம்பரை மட்டும் போடுங்க, அடுத்த வீடியோவில் பேசுவோம்.