தாயைக் குறை சொல்லாதீர்கள்!

குழந்தை பார்க்க லட்சணமாக இருக்கிறது. உரிய காலத்தில் தவழ்ந்தது. உரிய காலத்தில் நடந்தது. ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவது இல்லை. கண்ணுக்குக் கண் பார்ப்பது இல்லை. மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடுவது இல்லை. பொம்மைக் காரின் சக்கரத்தை மட்டும் மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வயது மூன்று ஆகிவிட்டது. பேச்சு வரவில்லை.

உடனே ஊர் பேசத் தொடங்குகிறது.

"பெற்றவள் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள்" என்கிறார் ஒருவர். "அவள் வேலைக்குப் போகிறாள். பிள்ளையோடு பேச வீட்டில் ஆள் ஏது?" என்கிறார் இன்னொருவர். "வயிற்றில் இருக்கும்போது கிரகணத்தைப் பார்த்திருப்பாள்" என்கிறார் மூன்றாமவர்.

குழந்தைக்கு என்ன உதவி வேண்டும் என்று கேட்பவர் இல்லை. தாய் என்ன தப்பு செய்தாள் என்று கேட்பவர்களே அதிகம். இது பெரிய அநியாயம்.

ஆட்டிசம் என்றால் என்ன?

இந்த நிலைக்கு ஆட்டிசம் என்று பெயர். தமிழில் மதியிறுக்கம் என்றும் சொல்கிறார்கள். இது ஒட்டுவாரொட்டி நோய் அல்ல. பேய், பிசாசும் அல்ல. மூளை வளரும் விதத்திலேயே உள்ள வேறுபாடு. பரம்பரைக் கூறுகளுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. வளர்ப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி இருப்பது இல்லை. ஒரு பிள்ளை பேசவே பேசாது. இன்னொரு பிள்ளை நன்றாகப் பேசும்; ஆனால் பிறர் மனம் அதற்குப் பிடிபடாது. ஒரு பிள்ளைக்குக் குக்கர் விசில் சத்தம் காதில் ஈட்டி பாய்ந்ததுபோல இருக்கும். இன்னொரு பிள்ளை ஒரே வகைச் சோற்றைத் தவிர வேறு எதையும் தொடாது.

2021ஆம் ஆண்டில் உலகில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அந்தக் கணக்கைப் பார்த்தால், ஆயிரம் பேர் குடியிருக்கும் இடத்தில் ஏழெட்டுப் பேர். இது எங்கோ நடக்கும் அதிசயம் அல்ல. உங்கள் தெருவிலும் இருக்கலாம்.

படித்தவர்கள் சுமத்திய பழி

தாயைப் பழித்தவர்கள் படிக்காத பாமரர்கள் மட்டும் என்று எண்ண வேண்டாம்.

1943ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். ஆட்டிசம் என்ற நிலை மருத்துவ உலகில் பரவலாகத் தெரிய வந்தது அதற்குப் பிறகுதான். ஆனால் பின்னால் வந்த சில நிபுணர்கள், "தாய்க்கு அன்பு இல்லை, அதனால்தான் குழந்தை இப்படி ஆயிற்று" என்றார்கள். அந்தத் தாய்மார்களைக் குளிர்சாதனப் பெட்டியோடு ஒப்பிட்டும் பேசினார்கள்.

இந்தப் பழியை உடைத்தவர்களில் முக்கியமானவர் ஒரு தகப்பனார். பெர்னார்டு ரிம்லாண்ட் என்று பெயர். மனநூல் படித்தவர். அவருடைய மகனுக்கும் ஆட்டிசம் இருந்தது. 1964ஆம் ஆண்டில் அவர் ஒரு புத்தகம் எழுதினார். காரணம் உடலில் இருக்கிறது, தாயின் மனத்தில் இல்லை என்று எடுத்துக்காட்டினார்.

தடுப்பூசி மேலும் ஒரு பழி விழுந்தது. 1998இல் இங்கிலாந்தில் ஒரு டாக்டர் எழுதிய கட்டுரையால் வந்த வினை அது. கட்டுரை தவறானது என்று 2010ஆம் ஆண்டில் அதை வெளியிட்ட பத்திரிகையே திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே தாய்மார்களே, தடுப்பூசியை நிறுத்தாதீர்கள்.

மேடவாக்கத்தில் ஒரு தாயின் பாடு

தாம்பரத்துக்கும் வேளச்சேரிக்கும் நடுவில் இருக்கிறது மேடவாக்கம். முன்பு ஏரியும் வயலுமாக இருந்த ஊர். இன்று மேம்பாலமும் மாடி வீடுகளுமாக மாறிவிட்டது. பிழைப்புக்காக வெளியூரிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் இங்கே ஏராளம்.

அப்படிப்பட்ட வீட்டில் இருப்பது மூன்று பேர்: அப்பா, அம்மா, பிள்ளை. பாட்டியும் அத்தையும் ஊரில். அப்பா காலையில் போனால் இரவில்தான் வருவார். பேச்சுப் பயிற்சிக்கு ஓர் இடம். கைவேலை, உடல் பயிற்சிகளுக்கு இன்னோர் இடம். பள்ளிக்கூடம் மற்றோர் இடம். தனியார் நிலையம் என்றால் ஒவ்வொரு தடவையும் பணம் கட்ட வேண்டும். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு இரவில் சரியாகத் தூக்கம் வராது. பிள்ளை தூங்காவிட்டால் தாய்க்கும் தூக்கம் இல்லை.

பக்கத்தில் பெரும்பாக்கம். அங்கே அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகளில் அன்றாடக் கூலிக்குப் போகும் குடும்பங்கள் வாழ்கின்றன. பிள்ளையைப் பயிற்சிக்கு அழைத்துப் போனால் அன்றைய கூலி போயிற்று. கூலிக்குப் போனால் பயிற்சி போயிற்று. அந்தத் தாய் எதைத்தான் விடுவாள்?

எங்கே போவது?

சந்தேகம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. "இவன் தாத்தாவும் நான்கு வயதில்தான் பேசினார்" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். முதலில் காது நன்றாகக் கேட்கிறதா என்று பாருங்கள். பிறகு குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில், மத்திய அரசின் தேசிய நிறுவனம் ஒன்று இருக்கிறது. பலவகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக 2005ஆம் ஆண்டில் தொடங்கியது. மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் வழியாகப் போகலாம். ஆட்டிசப் பிள்ளைகளைச் சோதித்துப் பயிற்சி அளிக்கிறார்கள். மாநில அரசு "விழுதுகள்" என்ற பெயரில் சேவை மையங்களைத் திறந்து வருகிறது. சோழிங்கநல்லூரிலும் ஒன்று உண்டு. விசாரியுங்கள்.

அடுத்தது சான்றிதழ். 40 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வைத்துப் பார்த்து டாக்டர்கள் கொடுப்பார்கள். அதை வாங்கக் கூச்சப்பட வேண்டாம். அரசு உதவிகளுக்கு அதுதான் சாவி. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசிய அறக்கட்டளையில், ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு தரும் "நிராமயா" திட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்டிசத்தை 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. அரசின் பணமோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிக்கூடம் எதுவும் குறையைக் காட்டிப் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது.

"மூன்று மாதத்தில் முழுக் குணம்" என்று மருந்து விற்பவர்களை நம்பாதீர்கள். ஆட்டிசத்தை நீக்கும் மருந்து கிடையாது. பொறுமையான பயிற்சியே பலன் தரும். தண்ணீர் வேண்டும் என்று கையைக் காட்டிக் கேட்கக் கற்றுக்கொண்டால், அந்த வீட்டில் அன்று தீபாவளிதான்!

பெற்றோரே துணை

மூளை முடக்குவாதம் உள்ள மகனைப் பெற்ற பூனம் நடராஜன் என்ற தாயார் 1985இல் சென்னையில் ஒரு நிலையம் தொடங்கினார். இன்று அது கோட்டூர்புரத்தில் "வித்யா சாகர்" என்று பெயர் பெற்று விளங்குகிறது. அந்த அம்மையார் பின்னாளில் தேசிய அறக்கட்டளைக்கே தலைவரானார். ஒரு தாய் பிறரையும் சேர்த்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இது சாட்சி.

மேடவாக்கத்துப் பெற்றோர்களும் வாரம் ஒரு முறை கூடலாம். முறை வைத்து ஒருவர் பிள்ளையை மற்றவர் பார்த்துக்கொள்ளலாம். அந்த இரண்டு மணி நேர ஓய்வு, களைத்துப்போன தாய்க்குக் கோடிப் பணத்துக்குச் சமம்.

நாம் செய்ய வேண்டியது

அப்பாமார்களே, "பிள்ளை உன் பொறுப்பு" என்று ஒதுங்காதீர்கள். மாமியார்களே, மருமகளைக் குத்திப் பேசாதீர்கள். கடையில் ஒரு பிள்ளை தரையில் விழுந்து அலறினால் வேடிக்கை பார்க்காதீர்கள்; வழி விடுங்கள். பிறந்த நாள் விழாவுக்கு அந்தப் பிள்ளையையும் கூப்பிடுங்கள். குடியிருப்புச் சங்கத்தாரே, விளையாட்டுத் திடலிலிருந்து அந்தப் பிள்ளையை விரட்டாதீர்கள்.

அரசும் ஒன்று செய்ய வேண்டும். பயிற்சியைத் தேடித் தாய் ஊர் ஊராக அலையக் கூடாது. பயிற்சி ஊரைத் தேடி வர வேண்டும். மேடவாக்கத்தில் ஓர் அறை, வாரத்தில் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் — இது முடியாத காரியமா?

இந்தப் பெற்றோரின் நெஞ்சில் ஒரு கேள்வி நெருப்பாக எரிகிறது: "எங்களுக்குப் பிறகு இந்தப் பிள்ளைக்கு யார்?" 18 வயதுக்குப் பிறகு காப்பாளரை நியமிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது, மாவட்டக் கலெக்டரின் குழு அதைச் செய்கிறது. ஆனால் காகிதத்தில் ஒரு காப்பாளர் இருந்தால் மட்டும் போதாது. பெயர் சொல்லிக் கூப்பிட அக்கம்பக்கத்தில் நாலு பேர் வேண்டும்.

அந்த நாலு பேரில் ஒருவராக நீங்கள் இருங்கள்.